தார் ரோட்டைக் கெடுப்பது மழையா?

நவம்பர் பிறந்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான். “நம்ம ஊர் மழைக்குத் தார் ரோடு எங்கே சார் தாங்கும்? பேசாம சிமெண்ட் போட்டுட்டாத் தேவலை.” டீக்கடையில் சொல்கிறார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றுகிறார்கள். கவுன்சிலரிடம் மனுவாகப் போகிறது. சிமெண்டுக்குப் பணம் இல்லையென்றால், இருக்கிற ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்குத் தாரைப் போடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: சென்னையின் வெயிலும் மழையும் தாருக்கு ஒத்துவராது.

இந்த நம்பிக்கை தவறு. அதனால் ஆகும் கேடு சிறியதும் அல்ல. தெருவின் மட்டத்தை உயர்த்தி, வீடுகளைப் பள்ளத்தில் தள்ளி, கார் ஷெட்டுக்குள் தண்ணீரை வரவழைத்திருப்பது இந்த நம்பிக்கைதான்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். சென்னையின் தட்பவெப்பம் தாருக்குக் கடுமையானதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய ஒரே நாள் மழையில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. வெயிலும் சளைத்ததல்ல. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. காற்றே அவ்வளவு சுட்டால் கறுப்புத் தார்ப் பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தார் இளகும். வண்டிச் சக்கரம் ஓடும் தடத்தில் பள்ளம் விழும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டால் தாரிலுள்ள பசை வறண்டு, ரோடு சாம்பல் நிறமாக வெளுத்து, முறுகி, மயிரிழை வெடிப்புகள் கிளம்பும்.

மழை செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. சென்னையைச் சுற்றியுள்ள குவாரிகளில் கிடைக்கும் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட் வகை. கட்டடத்துக்கு உறுதியான கல்தான். ஆனால் சிலிக்கா மிகுந்த கற்களுக்கு ஒரு குணம் உண்டு: தாரைவிடத் தண்ணீரோடுதான் அவை எளிதாக ஒட்டும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, மேலே மாநகரப் பேருந்தோ தண்ணீர் லாரியோ ஏறும்போது, சக்கரத்தின் அழுத்தத்தில் அந்தத் தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே பாய்கிறது. ஜல்லி தாரை விட்டுக் கழன்றுவருகிறது. முதலில் முதலைத் தோல்போல வெடிப்புகள், பிறகு பெயர்ந்த ஜல்லி, கடைசியில் குழி.

இவ்வளவும் உண்மை. ஆனால் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ரோட்டுக்குள் புகுந்தாக வேண்டும், அல்லது அதன் மேல் தேங்கி நின்றாக வேண்டும். விழுந்த வேகத்தில் வழிந்து ஓடிவிடும் மழையால் நன்றாக இறுகிய தாரை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே, தண்ணீரைத் தேங்க விடுவது எது, உள்ளே புக விடுவது எது என்றுதான் கேட்க வேண்டும்.

தார் மழைக்குத் தாங்காது என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே ஆண்டு மழை 2,100 மி.மீ.க்கும் மேல். சென்னையைப் போல ஒன்றரை மடங்கு பெய்கிறது. அதுவும் ஆண்டு முழுவதும். அந்த ஊரின் சாலைகளில் பெரும்பகுதி தார்தான். தேய்ந்த மேலடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிய அடுக்கைப் போடுகிறார்கள். பக்கத்திலேயே வடிகால் வேலை செய்கிறது.

குளிர் நாடுகளில் சோதனை இன்னும் கடுமை. டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே தெருவிலிருந்து கராஜ் வரை கார் ஏறும் தார்ப் பாதை பல வீடுகளில் உண்டு. அதைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வெடிப்பில் புகுந்த தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருத்துக் கல்லையே பிளக்கும். ஒரு குளிர்காலத்தில் அது பலமுறை உறைந்து உருகும். இதற்கு மேல் பனி வாரும் இரும்புத் தகடு, பனி உருக்கும் உப்பு. இத்தனைக்கும் அங்கே யாரும் தார் வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. கோடையில் வெடிப்பைத் துடைத்து, அதற்கென விற்கும் பசையை ஊற்றி அடைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே ஒரு பூச்சு. இப்படிப் பார்த்துக்கொண்டால் பாதை 15, 20 ஆண்டு உழைக்கும். சென்னையின் தார் ஒரு நாள்கூட உறைபனியைக் கண்டதில்லை. ஆனாலும் இங்கே சில தெருக்கள் இரண்டே மழைக்காலத்தில் பல்லிளிக்கின்றன.

வெளிநாட்டுக்குப் போவானேன்? நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெரு இருக்கிறதே! 2002-இல் கழிவு பிளாஸ்டிக்கைக் கலந்து தார் போட்ட தெரு அது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மேல் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய உறையாகப் படிகிறது. அதற்கு மேல் தார். கல்லுக்கும் தண்ணீருக்கும் உள்ள அந்த ஒட்டுறவை இந்த உறை தடுக்கிறது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பல பருவமழைகளையும் 2015 வெள்ளத்தையும் கடந்த பிறகும் ஜம்புலிங்கம் தெரு பெரிய குழிகள் இல்லாமல் இருந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தெருவுக்குப் பெய்ததும் இதே மழை, அடித்ததும் இதே வெயில். பிளாஸ்டிக் ஒரு மாயமருந்து என்று இங்கே வாதிடவில்லை. தண்ணீர் வழிந்தோடும் வாட்டம் இல்லாத தெருவில் எதைக் கலந்தாலும் வீண். சென்னை வானத்தின் கீழ் தார் நீடிக்க முடியும் என்பதற்கு அந்தத் தெரு சாட்சி, அது போதும்.

இனி, நம் தெருக்களைக் கெடுப்பது எது என்று பார்க்கலாம்.

முதல் குற்றவாளி, வாட்டம் இல்லாமை. தார் ரோட்டின் நடுப்பகுதி முதுகுபோல் உயர்ந்து இரு ஓரங்களுக்கும் சரிய வேண்டும். நல்ல மழை பெய்யும் ஊரில் இந்தச் சரிவு 2.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி. மயிலாப்பூரில் 20 அடி அகலமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொண்டால், நடுப்பகுதி ஓரத்தைவிட ஏழரை சென்டிமீட்டர், அதாவது மூன்று அங்குலம், உயர்ந்திருக்க வேண்டும். ஒரு கயிறும் ஒரு அளவுகோலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். சித்திரக்குளத்தைச் சுற்றியோ மந்தைவெளி உள் தெருக்களிலோ மழை விட்ட அரைமணி நேரத்தில் ஒரு நடை நடந்தால் போதும். நடுரோட்டில் தண்ணீர் தட்டுத்தட்டாக நிற்கும் இடமும், அடுத்த மாதம் குழி விழும் இடமும் ஒன்றாகவே இருக்கும். தி.நகரின் நிலைமை இன்னும் சிக்கல். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பேட்டை அது. ஏரிப்படுகைக் களிமண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அங்கே வாட்டம் தவறினால் ரோட்டின் அடித்தளமே அசைகிறது.

இரண்டாவது, தோண்டிய பள்ளங்கள். குடிநீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு, மின்கேபிள், இன்டர்நெட் கேபிள் என்று ஆளுக்கொரு முறை தெரு வெட்டப்படுகிறது. வெட்டியது குற்றமில்லை, மூடிய விதத்தில்தான் குற்றம். தோண்டிய மண்ணை 15, 20 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். நடப்பது வேறு: மொத்த மண்ணையும் ஒரேயடியாகத் தள்ளி, மேலே தண்ணீர் விட்டு, ஜேசிபியின் வாளியால் நான்கு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்கள். முதல் மழையில் அந்த மண் படிகிறது. தெருவின் குறுக்கே ஒரு வாய்க்கால் உருவாகிறது. அதன் இரு ஓரமும் தண்ணீர் புக வாசல் ஆகிறது. ரோட்டை வெட்டும் நிறுவனங்கள் சீரமைப்புக் கட்டணத்தை மாநகராட்சியிடம் கட்டிவிட்டுத்தான் வெட்டுகின்றன. ஆகவே காசில்லை என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

மூன்றாவது குற்றவாளிதான் எல்லாவற்றிலும் பெரியது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் போடும் பழக்கம்.

கணக்கு எளிது. ஒரு முறை போடும் அடுக்கு 4 செ.மீ. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால் ஐம்பது ஆண்டில் பத்து அடுக்கு, 40 செ.மீ. சாதாரண வீட்டு வாசற்படியில் அது இரண்டரைப் படி. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன இடங்களில் இன்று தெருவும் திண்ணையும் சமமாக நிற்பதற்கும், சில வீடுகளில் தெருவிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தரும் தொழில் சென்னையில் செழித்திருப்பதும் இதனால்தான். லட்சக்கணக்கில் செலவு செய்து வீட்டைத் தூக்குகிறார்கள். அடுத்த ஐந்தாண்டில் தெரு மறுபடி ஏறுகிறது. தூக்க வசதியில்லாதவர் மழைக்காலம் தோறும் மணல் மூட்டையோடு வாசலில் நிற்கிறார்.

அடுக்கின் மேல் அடுக்கு போடுவதால் ரோட்டுக்காவது நன்மை உண்டா? அதுவும் இல்லை. கீழேயுள்ள வெடிப்பு சில பருவங்களில் புதிய அடுக்கையும் பிளந்துகொண்டு மேலே வந்துவிடுகிறது. பழைய வாட்டக் கோளாறும் அப்படியே நகலாகிறது. பாதாளச் சாக்கடை மூடி பள்ளத்துக்குள் போய்விட, அதைச் சுற்றி இன்னொரு குழி பிறக்கிறது.

2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் சிக்கக்கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் உத்தரவிட்டார். அந்த நவம்பரில் பெய்த பெருமழையில் தி.நகர் நாட்கணக்கில் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரத்தைப் பார்க்க முடிகிறது. உள் தெருக்களுக்கு வரும்போது, சந்துக்குள் இயந்திரம் நுழையாது என்ற பதில் வருகிறது. ஆனால் ஒரு மீட்டர், அரை மீட்டர் அகலத்துக்குச் சுரண்டும் சிறிய இயந்திரங்களும் இருக்கின்றன. சுரண்டி எடுத்த கலவையிலும் தாரும் ஜல்லியும் மிச்சமிருக்கும். அதை மறுபடி பயன்படுத்தும் முறையை இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015-லேயே வகுத்துத் தந்திருக்கிறது. மாநகராட்சியின் பொறுப்பில் 5,000 கிலோமீட்டருக்கும் மேல் உள் தெருக்கள் இருக்கின்றன. பெரும்பாலான மக்களின் வாசல் திறப்பது அங்கேதான்.

“இதற்குத்தான் சிமெண்ட் போடச் சொல்கிறோம்” என்பவர்களுக்கு வருவோம். அவர்கள் சிமெண்ட் ரோடு போடும் மும்பையைக் காட்டுகிறார்கள். சிமெண்டுக்கு உரிய இடங்கள் உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. பேருந்துகள் பிரேக் போட்டு நிற்கும் நிறுத்தத்தில் டீசல் சொட்டித் தாரை இளக்கும். அங்கே சிமெண்டே சரி. எப்படியும் வடியாத முட்டுச்சந்திலும் அது பொருந்தலாம். மற்றபடி மயிலாப்பூரின் குறுந்தெருவுக்கு அது பொருந்தாது. பல பத்தாண்டுக்கு முந்திய குழாய்கள் அந்தத் தெருவின் அடியில் ஓடுகின்றன. அவை உடையும், தெருவை வெட்டத்தான் வேண்டும். வெட்டிய தாரைச் சூடான கலவையால் பழைய தளத்தோடு ஒட்டவைக்க முடியும். வெட்டிய காங்கிரீட் பழைய பலகையோடு ஒருபோதும் ஒன்றாகாது. புதிய காங்கிரீட் முழு வலு பெற 28 நாள். அதுவரை கார் எங்கே நிற்கும், ஆம்புலன்ஸ் எப்படி நுழையும்? பலகைகளுக்கு இடையிலான இணைப்புகளையும் அவ்வப்போது அடைக்க வேண்டும். பராமரிப்பே தேவையில்லாத ரோடு என்று சிமெண்டை விற்பது நேர்மையல்ல. தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிமெண்டைக் கொட்டினால், தெரு ஒரே நாளில் அரை அடி உயர்ந்துவிடும். பிறகு அதைச் சுரண்டி இறக்கவும் எளிதில் வழியிருக்காது.

பெங்களூருவின் டெண்டர்ஷூர் சாலைகள் வேறு பாடம் சொல்கின்றன. அங்கே குழாயையும் கேபிளையும் நடைபாதைக்கு அடியில் தனி வழியில் கொண்டுபோனார்கள். வாகனம் ஓடும் பகுதியைத் தோண்ட வேண்டிய தேவை குறைந்தது. தளம் தார்தான்.

வீட்டுக்காரர்களின் பங்கையும் பேசியாக வேண்டும். சென்னையில் வீட்டுக்கான கார்ப் பாதை என்பது கேட்டுக்கு முன்னால் ஆறேழு அடி நீளத்தில் எழும் ராம்ப்தான். தெரு உயர உயர அதுவும் உயர்கிறது, தெருவுக்குள் நீள்கிறது. வாட்டப்படி ஓரத்துக்கு வரும் தண்ணீர் அங்கே முட்டி நிற்கிறது. ஒரு தெருவில் இருபது வீடுகளுக்கு இருபது ராம்ப் என்றால், அவற்றின் நடுவே வரிசையாகக் குட்டைகள். ரோட்டின் ஓரம் முதலில் அரித்துப்போவது அந்தக் குட்டைகளில்தான். கேட்டுக்கு உள்ளேயோ சுற்றுச்சுவரிலிருந்து சுற்றுச்சுவர் வரை சிமெண்ட் பூசியாகிவிட்டது. மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமான மாநிலம் இது. மந்தைவெளியில் ‘மழை இல்லம்’ என்ற மழைநீர் சேகரிப்பு மையத்தை நடத்திய சேகர் ராகவன் போன்றவர்கள் மழையை வீட்டு வளாகத்துக்குள்ளேயே மண்ணுக்கு அனுப்பும்படி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பெசன்ட் நகர் மணலில் அது மிக எளிது, தி.நகர் களிமண்ணில் ஆழமான உறைகிணறு வேண்டும். இதைச் செய்யாமல் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் வைத்துத் தெருவில் விட்டுவிட்டு, தார் தாங்கவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

சரியான பழுதுபார்ப்பு எப்படி இருக்கும்? ஒரு குழியை வைத்தே பார்க்கலாம். குழியைச் சுற்றி உறுதியான தளம் வரும்வரை சதுரமாக வெட்ட வேண்டும். ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்ளே உள்ள தூசி, உதிரி ஜல்லி, ஈரம் அத்தனையும் போக வேண்டும். அடியிலும் நான்கு ஓரத்திலும் தார்க் குழம்பைப் பூச வேண்டும். பூசும்போது அது பழுப்பாக இருக்கும். சிறிது நேரத்தில் நீர் பிரிந்து கறுக்கும். கறுத்த பிறகே கலவையைக் கொட்டலாம். கலவை பிளாண்டிலிருந்து வரும்போது 150 டிகிரிக்கு மேல் சூடு. தார்ப்பாய் போர்த்தி வர வேண்டும். சூடு இறங்குமுன் அடுக்கடுக்காக இறுக்கி, சுற்றியுள்ள தளத்தைவிட இம்மி உயர்த்தி முடிக்க வேண்டும். பயிற்சி பெற்ற நான்கு பேரும் ஒரு சிறிய உருளையும் இருந்தால் சிறிது நேர வேலைதான். அப்படிப் போட்ட ஒட்டு சுற்றியுள்ள ரோட்டோடு சேர்ந்தே வாழும். தண்ணீர் நிற்கும் குழியில் கட்டட இடிபாட்டையோ ஆறிப்போன கலவையையோ கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவது வீண்செலவு. இரண்டு நாள் போக்குவரத்தில் அது சிதறிவிடும்.

வெடிப்பு குழியாகும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பிப்ரவரி முதல் மே வரை சென்னைத் தெருக்கள் காய்ந்து கிடக்கும். வெடிப்பைச் சுத்தம் செய்து தார்க் குழம்பும் மணலும் இட்டு அடைப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. நம் வழக்கமோ அந்த மாதங்களில் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, செப்டம்பரில் பருவமழைக்குமுன் முடிக்க வேண்டும் என்று இரவோடிரவாக அடுக்குப் போடுவது. அவசரத்தில் ஆறிய கலவை சரியாக இறுகாது. இறுகாத தளத்தில் காற்றுக்கண்கள் மிகும். அவற்றின் வழியாக அக்டோபர் மழை உள்ளே இறங்கும். டிசம்பரில் மக்கள் மறுபடி வானத்தைக் குறை சொல்கிறார்கள்.

தவறான நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்பதையும் யோசிக்க வேண்டும். மழைதான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டால் வாட்டம் பார்க்காத ஒப்பந்ததாரர் பதில் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தை இறுக்காத நிறுவனமும், அளக்காமல் கையெழுத்திட்ட மேற்பார்வையாளரும் தப்பித்துவிடுவார்கள். மழையை யாராலும் விசாரிக்க முடியாது. ஒப்பந்தத்தை விசாரிக்க முடியும். அதனால்தான் இந்தப் பழியை வானத்தின் மேலிருந்து இறக்கி, உரியவர்கள் தலையில் வைத்தாக வேண்டும்.

2022 முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு நலச் சங்கங்கள் “சிமெண்ட் போடு” என்ற தீர்மானத்தைக் கைவிட்டு, அந்தச் சபையில் மூன்று கோரிக்கைகளை வைக்கலாம். ஒவ்வொரு தெருவிலும் ஒரு நிலையான இடத்தில் இன்றைய தள மட்டத்தைக் குறித்து, புதிய தளம் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். பணி நடக்கும் இடத்தில் வைக்கும் பலகையில் தொகையோடு வாட்ட அளவையும் சுரண்டிய ஆழத்தையும் எழுதி, முடிந்த அன்று மக்கள் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும். வெடிப்பு அடைக்கும் வேலைக்கு ஒவ்வொரு வார்டுக்கும் தனி நிதி ஒதுக்கி, அதை மே மாதத்துக்குள் செலவழித்தாக வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கிற விதிகளே போதும். ராம்பைத் தெருவிலிருந்து கேட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் வேலையை வீட்டுக்காரர்கள் இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். அதற்கு யாருடைய டெண்டருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.